அந்த எழுநூறு பேர்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்கு வர முடியாது என்பதை உன் அண்ணியிடம் நீயே சொல்லிக்கொள், என்னைத் தூது அனுப்பாதே. அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை, மாத்திரையை மாற்றியதிலிருந்து நன்றாகத் தூங்குகிறாள். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

கிரேக்க நாட்டுத் தெர்மாப்பிலே கணவாயில் உன் மகன் எடுத்த படங்களைப் பார்த்தேன். ஏழு படத்திலும் ஸ்பார்ட்டா ராஜா லியோனிடாஸின் சிலைதான்! அம்மாவுக்கேற்ற பிள்ளை. சரோஜா மிஸ் வகுப்பில் நீ அடித்த கூத்து எனக்கு மறக்குமா? ஆனால் அங்கேயே இன்னொரு வெண்கலச் சிலையும் இருக்கிறது, கோமதி. தலை கிடையாது, ஒரு சிறகு உடைந்திருக்கும். அங்கே சண்டை போட்டுச் செத்த தெஸ்பியா என்ற கிரேக்க ஊர்க்காரர்களுக்காக 1997இல் வைத்தார்கள். அதை ஒரு படம்கூட எடுக்கவில்லையே என்று எனக்கு ஒரே ஆதங்கம்.

கி.மு. 480இல் படையெடுத்து வந்த பாரசீகர்களை அந்தக் கணவாயில் மறித்து நின்றார்கள் கிரேக்கர்கள். பாரசீகர்கள் மலைப்பாதை வழியாகப் பின்பக்கம் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், கிரேக்கப் படையில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். நின்றது லியோனிடாஸும் உன் ஸ்பார்ட்டாக்காரர்கள் 300 பேரும் மட்டுமா? தெஸ்பியாவிலிருந்து வந்த 700 பேரும் நின்றார்கள். டெமோபிலஸ் அவர்களுடைய தலைவர். தெஸ்பியாவுக்குப் பக்கத்து நகரமான தீப்ஸைச் சேர்ந்த 400 பேரை லியோனிடாஸ் பிணையாகப் பிடித்து வைத்திருந்தார் என்கிறார் பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ். அவர்கள் கடைசியில் சரணடைந்தார்கள். தெஸ்பியாக்காரர்களை யாரும் பிடித்து வைக்கவில்லை. போகலாம் என்றபோதும் போகவில்லை. எல்லோரும் செத்தார்கள்.

ஸ்பார்ட்டாவில் சண்டைதான் பிழைப்பு. இவர்கள் சின்ன ஊர்க்காரர்கள், நிலபுலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்த ஊருக்கு 700 பேர் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? மறுவருடம் பாரசீகர்களை எதிர்த்து நடந்த பிளாட்டீயா போருக்குத் தெஸ்பியாவிலிருந்து 1,800 பேர் வந்தார்கள். ஒருவரிடமும் கனத்த கவசம் இல்லை. கவசம் வைத்திருந்தவர்கள் அந்தக் கணவாயிலேயே முடிந்துபோனார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊரும் மிஞ்சவில்லை; தீப்ஸ்காரர்கள் காட்டிக்கொடுக்க, பாரசீக ராஜா செர்க்ஸஸ் அதைக் கொளுத்திவிட்டான். அப்புறம் ஆள் போதாமல் வெளியாட்களைக் குடிமக்களாகச் சேர்த்தார்கள். சலாமிஸ் கடற்போருக்கு முன் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் பாரசீகர்களிடம் பொய்ச் செய்தி சொல்ல அனுப்பினாரே, சிக்கின்னஸ் என்ற வேலைக்காரன், அவனுக்கும் பின்னால் அங்கேதான் குடியுரிமை கிடைத்தது.

என்னால் தாங்க முடியாதது இதற்கு அப்புறம் நடந்தது. கி.மு. 424இல் டீலியம் என்ற இடத்தில் நடந்த போரில் ஏதென்ஸுக்கு எதிராகத் தீப்ஸ் பக்கம் நின்று சண்டை போட்டு, மறுபடியும் இளைஞர்களைப் பறிகொடுத்தது தெஸ்பியா. அடுத்த ஆண்டே, ‘நீங்கள் ஏதென்ஸ் பக்கம் சாய்கிறீர்கள்’ என்று சொல்லி அதன் மதிலை இடித்தது தீப்ஸ். தடுக்க அங்கே ஆள் இல்லை. தங்களுக்காகச் செத்தவர்களின் ஊருக்கு இதையா செய்வார்கள்? எழுதும்போதே கை நடுங்குகிறது, கோபத்தில்.

‘300 பேர்’ என்று பதில் போடுவாய், தெரியும். ஹெரோடோட்டஸின் ஏழாம் புத்தகத்தில் 222ஆம் பத்தியைப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

அன்புடன்,
வசந்தா