உடைந்த துண்டை அனுப்புகிறோம், வரைபடத்தைத் திறந்து பாருங்கள்

இயந்திர வரைபடங்களில் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வடிவமைத்த இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் எழுதுகிறோம். ஒரே பாகம் ஒரே இடத்தில் இரண்டாம் முறை உடைந்தால், உதிரியை அனுப்புவதோடு விட்டுவிடாமல் அதன் வரைபடத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் கோரிக்கை இது ஒன்றே.

சுழலும் தண்டான ஷாஃப்டையே எடுத்துக்கொள்வோம். உடைந்த முகத்தில், ஈரமணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வரிவரியாக இருந்தால் அது ஃபெடீக் முறிவு, அதாவது திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் உலோகம் களைத்து உடைவது. விரிசல் பல லட்சம் சுற்றுகளில் மெல்ல வளர்ந்திருக்கிறது. ஆபரேட்டர் அன்றைக்குச் செய்த எதுவும் அதைத் தொடங்கிவைக்கவில்லை. அந்தக் கோடுகள் எங்கிருந்து கிளம்பின என்று தேடினால், பெரும்பாலும் விட்டம் மாறும் தோளின் மூலையிலோ கீவேயின் (சாவிக்கட்டை உட்காரும் பள்ளத்தின்) முனையிலோ போய் நிற்கும். அங்கே ஃபிலட் என்று சொல்லத்தக்க வளைவே இருக்காது. கடைசல் டூலின் மூக்கு விட்டுப்போன சிறு ஆரம்தான் இருக்கும், சுமை அங்கேதான் குவியும். பேரிங் தோளோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதற்காக அந்த ஆரத்தைச் சுருக்கியிருப்பீர்கள். சுருக்கத் தேவையில்லை. பெரிய ஆரம் வைத்து, உள்விளிம்பைச் சாய்த்து வெட்டிய ஸ்பேசர் வளையம் ஒன்றை இடையில் போடலாம். அதற்கு இடமில்லையென்றால் தோளுக்குள் வளைவான அண்டர்கட் (உட்குடைவு) கொடுக்கலாம்.

இதற்குப் பதிலாக எங்களுக்கு வருவது பெரும்பாலும் "உயர்ரக எஃகு போட்டிருக்கிறோம்" என்ற கடிதம். வலிமை கூடிய எஃகு கூர்மையான மூலையை இன்னும் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஷாஃப்ட் வளைவதும் குறையாது, ஏனென்றால் எந்த ரக எஃகானாலும் நெகிழ்ச்சிக் குணகம் (விறைப்பின் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான். மூலை அப்படியே இருக்கும்வரை புது ஷாஃப்டும் அங்கேதான் உடையும்.

அடுத்தது, இரு முனைகளிலும் பேரிங்கை அசையாமல் பூட்டிய வரைபடங்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். 1.5 மீட்டர் ஷாஃப்ட், பேரிங்கைத் தாங்கும் கூடான ஹவுசிங்கைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.9 மி.மீ. நீண்டாக வேண்டும். போக இடமில்லாத அந்த நீட்சி முழுவதும் பேரிங் மேல் அச்சுத்திசைச் சுமையாக இறங்குகிறது. பால் பேரிங்கில் சுமை இரட்டித்தால் கணக்கிட்ட ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் அறிக்கையில் "கிரீஸ் போதவில்லை" என்று எழுதப்பட்டு, கிரீஸ் வைத்தவர் மீது பழி விழுகிறது. ஒரு முனையை நிலையாக வைத்து மறுமுனையை நகரவிடுங்கள். எந்த முனை எது என்பதை வரைபடத்திலேயே எழுதுங்கள்.

பம்ப் பற்றியும் ஒரு சொல். கேட்டலாகில் தரும் என்.பி.எஸ்.ஹெச். தேவை (உறிஞ்சும் பக்கத்தில் திரவம் ஆவியாகாதிருக்க வேண்டிய அழுத்த அளவு), ஹெட் (பம்ப் திரவத்தைத் தூக்கும் உயரம்) ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்துவிட்ட நிலையில் அளந்தது. கேவிட்டேஷன், அதாவது திரவத்தில் ஆவிக்குமிழிகள் உருவாகி நொறுங்குவது, அதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்த எண்ணையே எல்லையாக வைத்து உறிஞ்சு குழாயை வடிவமைத்தால் பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லர் அரிபட்டே தீரும்.

தொழிற்சாலையில் நாங்கள் செய்யும் மாற்றங்களும் வடிவமைப்புதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம். இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1 அன்று ரசாயன ஆலை ஒன்று வெடித்து 28 பேர் இறந்தார்கள். கழற்றப்பட்ட ஒரு ரியாக்டருக்குப் பதிலாக, இரண்டு பெல்லோஸுக்கு (நெளிந்துகொடுக்கும் மடிப்புக் குழாய் இணைப்புகளுக்கு) இடையே 20 அங்குல வளைகுழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்த கோடுகள்தான். அழுத்தம் அந்த வளைவை எந்தப் பக்கம் தள்ளும் என்று எவரும் கணக்கிடவில்லை. ஆகவே எங்கள் மாற்றங்களும் இனி உங்கள் கணக்கில் தேறிய பிறகுதான் பொருத்தப்பட வேண்டும். அவற்றை அனுப்பும்போது தாமதமின்றிப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் பங்குக்கு, உடைந்த பாகத்தின் இரு முகங்களையும் ஒன்றோடொன்று உரசவிடாமல், கம்பித் தூரிகை படாமல், ஈரம் புகாமல் தனித்தனியே சுற்றி அனுப்புவோம். ஓடிய மணிநேரம், பேரிங் வெப்பநிலை, கடைசியாக எடுத்த அதிர்வு அளவு மூன்றும் கூடவே வரும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவினர்