குடிக்காதவள் போட்ட வைன் பயணத் திட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் நடுப்பக்கத்தில் தம்பதியருக்கான இலையுதிர்காலப் பயணம் என்று நயாகராப் பக்கத்து வைன் தோட்டங்களைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆசையாக வெட்டி எடுத்து பிரிட்ஜில் காந்தம் போட்டு வைத்தேன். ஆறுதலாக இருந்து வாசித்தபோதுதான் விளங்கியது. அதில் உள்ளபடி போனால் ஒரு சோடி காலையில் ஒன்பதுக்கு வெளிக்கிட்டு, ஐந்து வைனரிகளையும் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டு அன்றிரவே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். காரை யார் ஓட்டுவது என்று எழுதியவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஓட்டுகிறவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 57 வயது, இவருக்கு 61. ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. போன வருடம் வரை நயாகராவுக்கு எத்தனை தரம் போயிருக்கிறோம் என்று ஒருநாள் இரண்டு பேரும் இருந்து எண்ணிப் பார்த்தோம். 26 தரம். ஒருமுறைகூட நாங்கள் இருவராகப் போனதில்லை. லண்டனிலிருந்து மச்சாள் வந்தால் நயாகரா. ஜேர்மனியிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தால் நயாகரா. வான் வண்டியில் எட்டுப் பேர், கூலர் பெட்டியில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி. தண்ணீர் விழுவதைப் பார்த்து, படம் எடுத்து, கழிவறை வரிசையில் நின்று, திரும்பி வருவது. நீர்வீழ்ச்சியிலிருந்து ஆற்றோரமாக வடக்கே 20 கிலோமீட்டர் போனால் நயாகரா ஒன் த லேக் என்ற ஊர் இருக்கிறது, வழியெல்லாம் வைன் தோட்டம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன வருடம் பிள்ளைகள் எங்கள் கலியாண நாளுக்கு ஓர் இரவு தங்குவதற்குக் காசு கட்டித் தந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் கட்டியது ஒக்ரோபர் நீண்ட விடுமுறையான தாங்ஸ்கிவிங் சனிக்கிழமைக்கு. பத்து மணிக்கு வெளிக்கிட்ட நாங்கள் பேர்லிங்ரன் பாலத்தின் உச்சியில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும். கீழே பார்க்காதே, பார்க்காதே என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்ததில்தான் கீழே பார்த்தேன். போய்ச் சேர இரண்டு மணி. முதல் வைனரியில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்கள். இரண்டாவதில் கலியாண வீடு. மூன்றாவதில் இடம் கிடைத்தது, நின்றபடி. காலையில் சாப்பிட்ட இடியப்பம் எப்போதோ கரைந்துவிட்ட வயிற்றில் இவர் நாலு வகையைச் சுவைத்தார். கடைசியாகக் கொடுத்தது ஐஸ்வைன். அது பாகு மாதிரி இனிப்பு. சுகர்காரர் சும்மா இருக்கவில்லை, இன்னும் ஒன்று வாங்கினார். இரவு விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 14, இந்த நாட்டுக் கணக்கில் அது நல்லாகக் கூட. அடுத்த நாள் காலை வேறு போக்கிடம் தெரியாமல் 27ஆவது தரமாக நீர்வீழ்ச்சிக்கு முன்னால் போய் நின்றோம்.

ஆகவே இந்த வருடம் திட்டம் என் கையில்.

முதலில் நாள். எங்கள் சனத்துக்கு இலையுதிர்காலம் என்பது விரதகாலமும்தான். புரட்டாசிச் சனி, நவராத்திரி, பிறகு கேதாரகௌரிக் காப்பு, தீபாவளி, அது முடிய கந்தசஷ்டி. மிச்சமுள்ள சனி ஞாயிறெல்லாம் அரங்கேற்றமும் சாமத்திய வீடும். கேதாரகௌரி தொடங்கினால் நான் இரவில் வெளியே தங்கமாட்டேன். பஞ்சாங்கத்தையும் வேலைக் கலண்டரையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் கிடைத்தது நவராத்திரிக்கு முந்திய ஒரு செவ்வாயும் புதனும். கிழமை நடுவில் போவதால் இன்னொரு இலாபமும் உண்டு. சனி ஞாயிறுகளில் தங்குமிடங்கள் பலவற்றில் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தரமாட்டார்கள்.

இலை நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் போகிறேன் என்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அல்கொன்குயின் காட்டில் செப்டெம்பர் கடைசியிலேயே மேப்பிள் சிவந்துவிடும். நயாகராவில் ஒக்ரோபர் நடுவுக்குப் பிறகுதான் உச்சம். நாங்கள் போகும் நேரம் மரங்கள் அரைகுறையாகத்தான் பழுத்திருக்கும். பரவாயில்லை. அந்த நேரம் கொடியில் பழம் இருக்கும், பறிப்பும் நடக்கும். எனக்கு அதுதான் வேண்டும்.

ஏன் என்றால், என் அப்பா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் முந்திரிகை போட்டவர். இந்தியாவில் திராட்சை என்பதை நாங்கள் முந்திரிகை என்போம் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செம்மண்ணில் தூண் நட்டு, தலைக்கு மேல் பந்தல், கீழே நிழல். கொடியை வெட்டிவிட்டால் வெட்டுவாயில் தண்ணீர் சொட்டும். கொடி அழுகிறது என்பார் அப்பா. தோலகட்டி ஆசிரமத்துக்குப் போனால் சுவாமிமார் செய்த முந்திரிகை ரசமும் நெல்லி ரசமும் வாங்கித் தருவார். நயாகராவில் பந்தல் இல்லை. கம்பி இழுத்து, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கட்டி விட்டிருக்கிறார்கள். போன வருடம் அந்த மூன்றாவது வைனரியில் ஊற்றித் தந்த பெண் பிள்ளையிடம், ஆறு மாதம் பனி கொட்டும் நாட்டில் இது எப்படிக் காய்க்கிறது என்று கேட்டேன். மற்றவர்கள் வைனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றபோது நான் கொடியைப் பற்றிக் கேட்டது அவளுக்குப் பிடித்துவிட்டது. வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு பக்கம் ஒன்ராறியோ ஏரி, மறுபக்கம் நயாகரா மலைச்சரிவு. ஏரி கோடையில் வாங்கிய சூட்டை இலையுதிர்காலத்தில் மெதுவாக விடுவதால் உறைபனி பிந்தி வருகிறது. வசந்தத்தில் அதே ஏரி குளிர்ந்து கிடப்பதால் துளிர் அவசரப்பட்டு வெளியே வந்து பனியில் கருகுவதில்லை. மலைச்சரிவு அந்தக் காற்றைத் திருப்பித் திருப்பி இந்த ஒடுங்கிய நிலத்துக்குள்ளேயே சுற்ற விடுகிறது.

சில வரிசைகளுக்கு வலை போட்டு மூடியிருந்தது. குருவிக்காக என்றாள். அவை ஐஸ்வைனுக்கு விட்டுவைத்த பழங்கள். கொடியிலேயே உறைய வேண்டும். சைபருக்குக் கீழே 8 பாகைக்கு இறங்கினால்தான் பறிக்கலாம் என்பது சட்டம். டிசெம்பரிலோ ஜனவரியிலோ நடுச்சாமத்தில் விளக்கோடு போய்ப் பறித்து, கல் மாதிரி இருக்கும்போதே பிழிவார்களாம். தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே நிற்க, தேன் மாதிரிக் கொஞ்சம் சாறு மட்டும் வெளியே வரும். அதனால்தான் அந்தச் சின்னப் போத்தலுக்கு அவ்வளவு விலை. இனிஸ்கிலின் என்ற வைனரிக்காரர் 1991இல் பிரான்சின் போர்தோ நகருக்கே இதைக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கிய பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாம்.

இனிப் பாதை. காலை ஒன்பதரைக்குப் பிறகு, வேலைக்குப் போகிற நெரிசல் வடிந்ததும் வெளிக்கிடுவோம். 407 நெடுஞ்சாலையில் கட்டணக் காசு போனால் போகட்டும். நேரே நயாகராவுக்கு ஓடாமல் வைன்லாண்ட் பக்கம் இறங்கி போல்ஸ் ஃபோல்ஸில் ஒரு நிறுத்தம். சின்ன நீர்வீழ்ச்சி, பழைய மாவாலை, உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க இடம். சாப்பிட்ட பிறகு ஒரு வைனரி, நேரம் பதிவு செய்து. ஒன்றே ஒன்று. அப்புறம் குயின்ஸ்ரன். 1812 ஒக்ரோபர் 13ஆம் திகதி அமெரிக்கர்களோடு நடந்த சண்டையில் பிரித்தானியப் படையின் ஜெனரல் புரொக் இறந்த இடம். அவருடைய தூணில் ஏற 235 படிகள் உண்டு. என் முழங்காலுக்கு அண்ணாந்து பார்ப்பதே போதும். அங்கிருந்து ஆற்றோரப் பாதை. ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் கார் ஓட்டிப் போவதற்கு உலகத்திலேயே வடிவான வழி இது என்று சேர்ச்சில் சொன்னதாகச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமையும் வடிவாகத்தான் இருக்கும்.

இந்தப் பாதையிலும் தோட்ட ஒழுங்கைகளிலும் பின்நேரம் மெதுவாக ஓட்டுங்கள் என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி இருந்திருக்கலாம். பழம் பறிக்கிறவர்கள் ஜமெய்க்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பருவத்துக்கு வருகிறவர்கள். ஜமெய்க்காக்காரர் 1966இலிருந்தும், மெக்சிகோக்காரர் 1974இலிருந்தும் இப்படி வந்து போகிறார்கள். வேலை முடிந்து சைக்கிளில், கைபிடியில் கடைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். தொண்ணூறுகளில் இவர் இரவு வேலைக்கு மார்க்கம் வீதியில் அப்படித்தான் போய் வந்தவர். போன வருடம் அவர்களைக் கண்டதும் காரின் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார். அவர்களும் காட்டினார்கள்.

இரவு ஊருக்குள் தங்கல். காலையில் அங்கே நடப்பதற்கே நிறைய இருக்கிறது. அப்பர் கனடாவின், அதாவது அந்தக் காலத்து ஒன்ராறியோவின், முதல் தலைநகரம் அது. அப்போது நியூவார்க் என்று பெயர். 1813 டிசெம்பரில் அமெரிக்கப் படை எரித்துவிட்டுப் போக, சனம் பனிக்குள் நின்றதாம். அதை வாசித்துவிட்டு இவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. எங்களுக்கும் எரிந்த ஊர் இருக்கிறதல்லவா. 1962இலிருந்து நடக்கும் ஷா நாடக விழாவுக்கும் போகலாம், இங்கிலீஷ் நாடகத்தில் இவர் நித்திரை கொள்ளமாட்டார் என்று யாராவது உத்தரவாதம் தந்தால். புதன் மத்தியானம் இரண்டாவது வைனரி, சாப்பாட்டோடு. சாப்பிட்ட கையோடு வெளிக்கிட்டு, மூன்று மணிக்குப் பிறகு தொடங்கும் நெரிசலுக்கு முன் பேர்லிங்ரன் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை. சீஸ் தட்டு என்று கொண்டுவந்து வைத்தால் அதில் பாதி பன்றி இறைச்சிதான். ஆகவே பதிவு செய்யும்போதே சைவம் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டும். முட்டையும் வேண்டாம் என்பதை மூன்றாம் தரம்.

குடியும் காரும் பற்றி. ஒன்ராறியோவில் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 காட்டினாலே அந்த இடத்திலேயே லைசென்ஸை எடுத்துவிடுவார்கள், 0.08 என்றால் கிரிமினல் வழக்கு. உங்கள் குறிப்பின்படி ஐந்து இடத்தில் நாலு நாலு வகை சுவைத்த சோடியில் எவர் ஓட்டினாலும் இதில் மாட்டுவார். குடிக்காமல் வாயில் வைத்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள், அது மரியாதைக் குறைவில்லை. இவர் மட்டும், காசு கொடுத்ததை ஏன் துப்புவான் என்கிறார். சரி, அவர் குடிக்கட்டும், இரண்டு இடம், இடையில் ஓர் இரவு. நான் முந்திரிகைச் சாறு கேட்பேன். வழியில் பழக்கடைகளில் கொன்கோர்ட் என்ற கறுநீலப் பழம் கூடையில் இருக்கும். தோலைப் பிதுக்கினால் சதை நழுவி வாய்க்குள் விழும். அது வைன் செய்வதற்கான பழமில்லை, சாற்றுக்கும் ஜாமுக்கும்தான். ஆனால் கூடையைத் திறந்தால் கார் முழுக்க வாசம் நிறையும். எனக்கு ஒரு கூடை போதும்.

போத்தல் வாங்குகிறவர்கள் விகியூஏ (VQA) என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுவதும் ஒன்ராறியோப் பழம். வாங்கியதைத் திறக்காமல் டிக்கியில் வையுங்கள்.

போன மாதம் ஒரு வாசகர் இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதுவதே பிழை, குடியால் எத்தனை வீடு அழிந்தது என்று கேட்டிருந்தார். அவர் சொல்வதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். என் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவரை நாங்கள் அப்படித்தான் இழந்தோம். ஆனால் அவர் குடித்தது நிலவறையில், தனியாக, கதவைப் பூட்டிக்கொண்டு. பகல் வெளிச்சத்தில் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து, அளந்து ஊற்றிய இரண்டு விரல் உயரத்தை அரை மணித்தியாலம் வைத்துக் குடிப்பதை அதோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை. அந்த வாசகர் கோபிக்கக்கூடாது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இப்படிக் குறிப்புப் போடும்போது ஒரு நாளைக்கு ஒரு வைனரி, கூடினால் இரண்டு என்று எழுதுங்கள். முன்பதிவு வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தாங்ஸ்கிவிங் கிழமையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். குடிக்காதவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்பதையும் நாலு வரி எழுதுங்கள். எங்கள் ஆட்களில் பாதிச் சோடிகளில் ஒருவர் குடிக்காதவர்தான், அவர்தான் காரையும் ஓட்டுகிறவர்.

இவர் நேற்றே நிலவறையிலிருந்து கூலர் பெட்டியை எடுத்துக் கழுவி வெயிலில் காய வைத்துவிட்டார். இந்த முறை இரண்டு பேர்தான், அது வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மார்க்கம் வீதிப் பக்கத்து வாசகி,
ஸ்காபரோ