இரண்டாங்கட்டுக்கு மேலே ட்ரோன்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாம் பகுதி) முற்றத்தில் மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே வண்டு குடைவது மாதிரிச் சத்தம். நிமிர்ந்தால் ட்ரோன்! முற்றம் வானம் பார்த்துத் திறந்திருந்தாலும் அது எங்கள் வீட்டு உள்தானே? வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் இருவர். "ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா தம்பி?" என்றேன். வருத்தப்பட்டு, எடுத்த படத்தைக் காட்டினார்கள்.

அசந்துபோனேன். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள், நடுநடுவே சதுரமாய் முற்றங்கள், மழைநீர் உள்ளே இறங்கச் சரிந்த ஓட்டுக் கூரை. எங்கள் கூரை மூலையில் நான்கு ஓடுகள் நழுவியிருந்தன. இரண்டு மழைக்காலமாகத் தேடிய ஒழுகல் அதுதான்!

2021 ட்ரோன் விதிகளின்படி முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கவிடலாமாம். சரி, ஆனால் வீட்டு முற்றத்தைப் படமெடுக்குமுன் கதவைத் தட்டுங்கள். படத்தை வீட்டாருக்கும் அனுப்புங்கள். அப்புறம், உள்ளேயும் வாருங்கள். மாலை நான்கு மணிக்கு முற்றத்தைச் சுற்றிய எங்கள் வளவில் ஆத்தங்குடித் தரைக்கல் மீது சாய்வெயில் விழும். அதைத் தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கானாடுகாத்தான்.