டாட்டூ கடையில் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கடிதப் பகுதியில் பென்னாகரம் வாசகர் ஒருவர் டாட்டூ கடைகளைப் பற்றி எழுதியிருந்தார். பெங்களூருவிலும் சென்னையிலும் இருந்த கடைகள் கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை வந்துவிட்டன; பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் உள்ளே நுழைந்து, சுவரில் ஒட்டியிருக்கும் டிசைனில் ஒன்றைக் காட்டி, பட்டாம்பூச்சியோ நங்கூரமோ குத்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள்; யோசனை இல்லை, அர்த்தம் இல்லை, நம் பண்பாட்டோடு ஒட்டவும் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் சொன்ன எதிலும் எனக்குக் கவலை இல்லை. அவர் சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது.

பண்பாட்டை முதலில் பேசிவிடலாம். காவேரிப்பட்டணம் சந்தையில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமார் யாருடைய முன்கையையாவது பாருங்கள். புள்ளிக் கோலம் இருக்கும், தேள் இருக்கும், சிலருக்கு அண்ணன் தம்பி பெயர் இருக்கும். அவர்களில் எத்தனை பேர் தனக்கென்று தனியாக ஒரு படம் யோசித்துக் குத்திக்கொண்டார்கள்? பச்சை குத்துகிற அம்மா ஊருக்கு வருவார். அவருக்குக் கைவந்த கோலங்களில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கையை நீட்ட வேண்டியதுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே கோலம், நாத்தனாருக்கும் அதே கோலம். யாரும் அர்த்தம் கேட்டதில்லை.

விலையும் படத்தைப் பொறுத்துத்தான். சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறு வருடங்களுக்கு முன்பே இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ கால் அணா, நுணுக்கமான படத்துக்கு 12 அணா வரை. மை செய்யும் விதத்தையும் விடவில்லை. மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் கலந்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். இன்று கடைச் சுவரில் டிசைனுக்குக் கீழே 400, 600 என்று எழுதி வைத்திருப்பதும் அந்தக் கால் அணாக் கணக்கின் தொடர்ச்சியே.

நங்கூரத்தையும் அவர் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் 1891-ல் மின்சார டாட்டூ மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். நகல் எடுப்பதற்காகத் தாளில் ஊசியால் துளை போடும் எடிசனின் மின்சாரப் பேனாவைப் பார்த்துச் செய்தது அது. வேலை சீக்கிரம் முடிய ஆரம்பித்ததும் துறைமுகத்துக் கடைகளில் படத் தாள்கள் சுவரை நிறைத்தன. கப்பலிலிருந்து கொஞ்ச நேரம் இறங்கி வருகிற மாலுமி எதையாவது காட்டுவான், குத்திக்கொண்டு போவான். ஃபிளாஷ் டிசைன் என்று நம் ஊர்ப் பையன்கள் சொல்வது இந்த வகையைத்தான். முன்கூட்டி வரைந்த படம் என்பதில் ஒரு நல்லதும் இருக்கிறது. குத்துகிறவன் அதைப் பலமுறை குத்திக் கை பழகியிருப்பான். போனில் ஒரு படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்று கேட்கிறவருக்குத்தான் முகம் கோணிய சிங்கம் கிடைக்கும்.

சரி, என் கவலைக்கு வருகிறேன். ஒன்று ஊசி.

போன மாதம் என் தங்கை மகள் கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக ஓர் இலை வேண்டுமாம். துணைக்கு என்று சொல்லிக்கொண்டாலும் நான் போனது வேவு பார்க்கத்தான். புது ரேசரால் முடியை மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஊதா நிற ஸ்டென்சிலை ஒட்டி எடுத்தார் அந்தத் தம்பி. இவள் கண்ணாடியில் பார்த்து "இன்னும் கொஞ்சம் கீழே" என்றதும் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். ஊசிக் கார்ட்ரிட்ஜ் உறையை எங்கள் கண் முன்னால்தான் கிழித்தார்; காலாவதித் தேதியைப் படித்துப் பார்த்தேன். இங்க்கைப் பாட்டிலில் தோய்க்கவில்லை. விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குப்பியில் சொட்டுச் சொட்டாக ஊற்றி, வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டார். மிஷினுக்கும் வயருக்கும் பிளாஸ்டிக் உறை. எல்லாம் பார்த்து எனக்குத் திருப்தி ஆகிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. கிளவுஸ் போட்ட கையாலேயே எடுத்துப் பேசிவிட்டு, அதே கையோடு மறுபடி மிஷினைப் பிடித்தார். "தம்பி, கிளவுஸ் மாத்துங்க" என்றேன். "சரிங்கம்மா" என்று உடனே மாற்றினார். இவள்தான் "பெரியம்மா, மானத்தை வாங்காதீங்க" என்று கையைக் கிள்ளினாள்.

அந்தக் கடை மேல் எனக்குப் புகார் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பாய் விரித்து, பேட்டரியில் மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம்தான் பயம். ஒரே ஊசி, ஒரே மைக் குப்பி. ஒருவருக்குக் குத்தியதும் ஊசியை ஒரு துணியில் துடைத்துவிட்டு அடுத்தவர் கையைப் பிடிக்கிறார். ஊசி தோலின் இரண்டாம் அடுக்கு வரை போகிறது. ரத்தம் படாமல் இருக்காது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். துணியில் துடைத்தால் போகிற சமாச்சாரம் இல்லை அது. நாடு முழுக்க அதற்கான தடுப்பூசி குழந்தைகளுக்கான இலவசத் திட்டத்தில் வந்ததே 2011 வாக்கில்தான். இப்போது கல்லூரியில் படிக்கிற பலர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. எச்.ஐ.வி.யைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டாட்டூ குத்தியவர்களிடம் ரத்த வங்கியில் 12 மாதம் ரத்தம் வாங்குவதில்லை என்பதும் இந்தப் பயத்தால்தான். நல்ல கடையில் குத்தினாலும் அதே விதிதான். கல்லூரி ரத்த தான முகாமுக்கு வந்து கோபத்தோடு திரும்பிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, உடம்பில் குத்தும் இடம். பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கம் விடியற்காலையில் மைதானத்தில் ஓடுகிற பையன்கள் எத்தனை பேர்! எல்லோருக்கும் ராணுவம் அல்லது சி.ஆர்.பி.எப். கனவு. ராணுவத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கமும், புறங்கையும் தவிர வேறெங்கும் நிரந்தர டாட்டூ இருக்கக் கூடாது. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கத்தை ஒட்டித் தளர்வு உண்டு. சி.ஆர்.பி.எப். போன்ற மத்திய ஆயுதப் படைகளில் இன்னும் கறார். முன்கை உள்பக்கம் என்றால் சல்யூட் அடிக்காத இடது கை மட்டும்தான். அளவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்குக் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓட்டத்தில் தேறி, எழுத்திலும் தேறி, மெடிக்கலில் வலது புஜத்தில் இருந்த சின்ன சிலுவையால் திரும்பி வந்தான். லேசரில் அழிக்கிறேன் என்று பெங்களூருக்குப் பல தடவை அலைந்தான். குத்தியது சில நூறு ரூபாய், அழிக்கச் செலவானது பல ஆயிரம். நிழல் மாதிரி ஒரு தடம் இன்னமும் தெரிகிறது. அதே சிலுவையை இடது முன்கை உள்பக்கம் குத்தியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வயதையும், எந்த வேலைக்கு முயற்சி செய்கிறாய் என்பதையும் கடைக்காரர் முதலில் கேட்டிருக்கலாம்.

குத்திய பிறகான கவனிப்பைப் பற்றிக் கடைக்காரர்களே சொல்லி அனுப்புகிறார்கள், ஆனால் நம் ஊருக்கென்று சிலது இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒகேனக்கல் பக்கம் போய் எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல் என்று இறங்காதீர்கள். மாந்தோப்பில் வேலை என்றால் மாங்காய்ப் பால் அந்த இடத்தில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். பொருக்கை உரிக்காதீர்கள்.

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் ஃபேஷனுக்காக நாக்கைப் பிளந்துவிடுகிறார்கள் என்று செய்தி வந்த பிறகுதான் அதிகாரிகள் போய் சீல் வைத்தார்கள். அந்த அளவுக்குப் போக விட வேண்டுமா? மாங்கனி கண்காட்சியிலும் ஒகேனக்கல் ஆடிப்பெருக்கிலும் பஜ்ஜிக் கடை எண்ணெயைச் சோதிக்க உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வருகிறார்கள். அவர்களோடு ஒரு சுகாதார ஆய்வாளரும் வந்து பச்சை குத்துகிறவரிடம் எத்தனை ஊசி இருக்கிறது என்று பார்த்தால் போதும். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஆளுக்கொரு புது ஊசியும் குப்பியும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்தக் காசை வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிக்கொள்ளட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ராணுவ ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் உயரம், மார்பளவு, ஓட வேண்டிய தூரம் என்று விவரமாகப் போடுகிறீர்கள். அதற்குக் கீழே இந்த டாட்டூ விதியையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.