முன்பணத்தைத் தனியே வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிராவல் ஏஜென்சி தொடங்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் சுயதொழில் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு கணினியும் இணைய இணைப்பும் கைப்பேசியும் இருந்தால் வீட்டிலிருந்தபடியே இத்தொழிலைத் தொடங்கிவிடலாம் என்றும், முதலீடு மிகக் குறைவு என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழிலில் இருப்பவள் என்ற முறையில், அவற்றில் தவறென்று எதையும் நான் சுட்டிக்காட்டப் போவதில்லை. ஆனால், சொல்லாமல் விடப்பட்ட ஒன்று உண்டு. தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மூடப்பட்ட ஏஜென்சிகளில் நான் நேரில் அறிந்த பலவும் அந்த ஒன்றினால்தான் மூடப்பட்டன என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலீடு குறைவாக இருப்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதியைப் பயணியே தருகிறார் என்பதுதான். ஆறு மாதம் கழித்துச் செல்லவிருக்கும் சுற்றுலாவுக்கு ஒரு குடும்பம் இன்றே முன்பணம் கட்டுகிறது. விடுதிக்கும் வாகனத்துக்கும் வழிகாட்டிக்கும் முகவர் பணம் கொடுக்க வேண்டிய நாளோ வெகு தொலைவில் இருக்கிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தத் தொகை முகவரின் வங்கிக் கணக்கில் கிடக்கிறது. அலுவலக வாடகையும் ஊழியர் சம்பளமும் அதே கணக்கிலிருந்து போகும்போது, எது தன் பணம், எது பயணியின் பணம் என்ற எல்லை புதியவருக்குத் தெரியாமலேயே அழிந்துவிடுகிறது. கணக்கிலுள்ள இருப்பைப் பார்த்துத் தொழில் நன்றாக நடப்பதாக அவர் நம்புகிறார். அந்த இருப்பில் அவருடைய வருமானம் மிகச் சிறிய பங்கே என்பது, ஏதேனும் ஒன்று தவறிப் போகும் நாள் வரை அவர் கண்ணில் படுவதில்லை.

விமான டிக்கெட் விற்பனையில் இந்த எல்லை எழுத்திலேயே வரையப்பட்டிருக்கிறது. 1945-ஆம் ஆண்டு ஹவானாவில் தொடங்கப்பட்டு, ஐயாட்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அங்கீகாரம் பெறும் ஒவ்வொரு ஏஜென்சியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறது. டிக்கெட்டுக்காக முகவர் வசூலிக்கும் பணம் விமான நிறுவனத்தின் சொத்து என்றும், ஒப்படைக்கும் வரை முகவர் அதை நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறார் என்றும், அவருக்குச் சேர வேண்டிய கமிஷன்கூட அதுவரை அத்தொகைக்குள்ளேயே அடங்கும் என்றும் அது கூறுகிறது. முகவர்கள் விமான நிறுவனங்களுக்குக் கணக்குத் தீர்க்கும் பி.எஸ்.பி. என்ற முறையில், குறித்த காலத்தில் விற்ற டிக்கெட்டுகளுக்கான மொத்தத் தொகையையும் குறித்த நாளில் கட்டியாக வேண்டும். கட்டத் தவறினால் டிக்கெட் வழங்கும் உரிமையே பறிபோகும். இந்தக் கண்டிப்பைப் புதியவர்கள் ஒரு தொல்லையாகக் கருதுவதைப் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில், இத்தொழிலில் முகவரைக் காப்பாற்றுவதற்கென்றே அமைந்த ஏற்பாடு ஏதேனும் உண்டென்றால் அது இதுதான். சுற்றுலாத் திட்டங்களுக்கும் விடுதி முன்பதிவுகளுக்கும் இப்படியொரு கோடு உலகின் பல இடங்களில் கிடையாது. அங்கே முகவரின் சொந்தக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு காவல் இல்லை.

நான் இதை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். சொந்தமாகத் தொடங்கிய முதல் ஆண்டில், பிறந்த பேரக் குழந்தையைப் பார்க்க வெளிநாடு சென்ற ஒரு முதிய தம்பதியருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டில் பெயரையும் எண்ணையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். காலாவதித் தேதியையும் பார்த்தேன். அது அவர்கள் திரும்பி வரும் நாளுக்கு அப்பால் இருந்ததால் நிறைவடைந்து கோப்பை மூடிவிட்டேன். அவர்கள் சென்ற நாடு, வந்து இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடு. பெரியவரின் பாஸ்போர்ட்டில் நான்கு மாதமே மீதமிருந்தது. நள்ளிரவு தாண்டி விமான நிலையத்திலிருந்து அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். கவுண்டரில் தங்களை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னவர், என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்டியில் குழந்தைக்காக வைத்திருந்த பொருள்களை என்ன செய்வது என்றுதான் கேட்டார்.

தவறு என்னுடையது. பாஸ்போர்ட் புதுப்பிக்கப்பட்டதும் அவர்களுக்கு என் செலவிலேயே வேறு டிக்கெட் எடுத்தேன். என் செலவு என்று எழுதுகிறேனே தவிர, அன்று என் கணக்கில் என்னுடையது என்று சொல்லத்தக்க பணம் அந்த டிக்கெட்டுக்குப் போதாது. இரண்டு மாதம் கழித்துச் சுற்றுலா செல்லவிருந்த ஒரு குழுவின் முன்பணம்தான் அங்கே இருந்தது. அதிலிருந்து எடுத்தேன். பின்னால் வந்த வேறு முன்பதிவுகளைக் கொண்டு அந்தப் பள்ளத்தை நிரப்பினேன். குழுவும் நல்லபடியாகப் போய் வந்தது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால், அந்த இரண்டு மாதமும் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம், அந்தக் குழு பயணத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கப் போகிறதோ என்று என் கை நடுங்கியது. ஒருவர் முன்பணத்தில் இன்னொருவர் பயணத்தை முடிக்கும் பழக்கம் எப்படித் தொடங்குகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தீய எண்ணம் எதுவும் இல்லாமலேயே, ஒரு நல்ல காரியத்துக்காகவே அது தொடங்கிவிடலாம்.

பெரிய நிறுவனமாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1841-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று, இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்று இத்தொழிலுக்கே வழிகாட்டிய தாமஸ் குக்கின் பெயரைத் தாங்கிய நிறுவனம், கடன் சுமையால் 2019 செப்டம்பர் 23 அன்று வீழ்ந்தது. அன்று அதன் பயணிகள் சுமார் 6 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தனர். அவர்களில் பிரிட்டனிலிருந்து சென்ற ஏறத்தாழ 1,50,000 பேரை அந்நாட்டு அரசு தனி விமானங்களை அமர்த்தி அழைத்து வந்தது. 1973 முதல் அங்கே நடைமுறையில் உள்ள பாதுகாப்புத் திட்டம், பயணம் கிளம்பாத பலருக்கும் கட்டிய பணம் திரும்பக் கிடைக்க வழிசெய்தது. அத்தகைய திட்டம் இல்லாத இடத்தில் ஒரு சிறு ஏஜென்சி மூடப்பட்டால், பயணியின் கையில் மிஞ்சுவது ரசீது மட்டுமே. 2020-இல் விமானங்கள் நின்றபோதும் இதையே கண்டோம். விமான நிறுவனங்களிடம் சிக்கிய பணத்துக்கு முகவர் பொறுப்பில்லை என்பதைப் பெரும்பாலான பயணிகள் புரிந்துகொண்டார்கள். முகவரிடமே இருந்திருக்க வேண்டிய பணமும் இல்லை என்று தெரிந்தபோதுதான் பல ஆண்டு உறவுகள் முறிந்தன.

டிக்கெட் கமிஷனை நம்பி இனி யாரும் கடை திறக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1995 பிப்ரவரியில் டெல்டா விமான நிறுவனம் அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களுக்கு, போகவர 50 டாலருக்கு மேல் கமிஷன் இல்லை என்று உச்சவரம்பு வைத்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2002-இல் அங்கே அடிப்படைக் கமிஷனே நிறுத்தப்பட்டது. பிற நாடுகளிலும் காலப்போக்கில் அதே நிலை பரவியது. ஆகவே முகவரின் வருமானம், தன் உழைப்புக்கென அவர் வெளிப்படையாகக் கேட்டு வாங்கும் சேவைக் கட்டணமாகத்தான் இருக்க முடியும். கேட்கக் கூச்சப்பட்டு, அதை விலைக்குள் மறைத்து, அதுவும் போதாமல் முன்பணத்தில் கைவைப்பவர்கள்தான் அதிகம்.

தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள், உடனே சொந்தப் பெயர்ப்பலகை மாட்ட வேண்டாம் என்பதே. அங்கீகாரம் பெற்ற ஓர் ஏஜென்சியில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை பாருங்கள், அல்லது அதன் கீழ் சப் ஏஜென்டாக இருங்கள். டிக்கெட் எடுக்கும் மென்பொருளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். கட்டண விதிகளைப் படிக்கும் பழக்கம் வர வெகு நாளாகும். டிக்கெட் எடுத்த அன்றே ரத்து செய்தால் என்ன, மறுநாள் செய்தால் என்ன, முதல் விமானத்தில் ஏறாதவரின் திரும்பும் டிக்கெட் என்னவாகும், தனித்தனியே எடுத்த இரண்டு டிக்கெட்டுகளில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யார் பொறுப்பு, வழியில் இறங்கி மாறும் நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்பனவெல்லாம் பிறருடைய மேற்பார்வையில் தவறிழைத்துக் கற்க வேண்டியவை. விதியைப் பிழையாகப் படித்துக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் கொடுத்துவிட்டால், மாதங்கள் கழித்தும் அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி விமான நிறுவனத்திடமிருந்து டெபிட் மெமோ என்ற பற்றுச்சீட்டு வரும். அதைக் கட்டும் பணமும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி, மீண்டும் நம்மை அதே முன்பணத்திடம்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

தங்கள் நாளிதழ் இத்தொழிலைப் பற்றி மீண்டும் எழுதும்போது, முதல் நாளிலேயே இரண்டு வங்கிக் கணக்குகள் தொடங்கச் சொல்லி எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பயணிகள் தரும் பணம் முழுவதும் ஒன்றில் சேர வேண்டும்; பயணம் முடியும் வரை, விடுதிக்கும் விமானத்துக்கும் கட்டும் பணம் மட்டுமே அதிலிருந்து வெளியே போக வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு என் அலுவலகத்தில், ஒவ்வொரு பயணியின் கோப்பின் முதல் பக்கத்திலும் அவர் திரும்பி வரும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைக்கிறோம். அந்தத் தேதி கடந்து, அவர் வீடு வந்து சேர்ந்தார் என்று தெரிந்த பின்னரே, எங்களுக்குரிய பங்கை மற்றக் கணக்குக்கு மாற்றுகிறேன்.

இப்படிக்கு,
பயண முகவர் ஒருவர்