ஏழாவது எண்ணை விழுங்கும் அடாப்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

களியக்காவிளைக்குக் கேரளத்தின் பாறசாலை பக்கத்து ஊர்தான். தொலைபேசிக்கு அது வேறு மாநிலம். இங்கே எஸ்டிடி கோடு 04651, எண் 6 இலக்கம். அங்கே திருவனந்தபுரத்தின் 0471, எண் 7 இலக்கம். இணைய இணைப்பில் அடாப்டர் (பழைய போனை இணையம் வழியே பேச வைக்கும் சிறு பெட்டி) மாட்டிப் பேசும் எல்லையோர வீடுகளில் அழைப்பு இடம் மாறிப் போக இந்த ஓர் இலக்கமே போதும்.

அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் 'டயல் பிளான்' என்று ஒரு வரி இருக்கும். எத்தனை எண் அழுத்தியதும் அழைப்பை அனுப்புவது, முன்னால் எதைச் சேர்ப்பது என்பதெல்லாம் அதில்தான். 6 இலக்கம் வந்தால் 04651 சேர்த்து அனுப்பு என்று மட்டும் எழுதியிருந்தால், பாறசாலை எண்ணைக் கோடு இல்லாமல் அழுத்துபவரின் ஏழாவது எண் விழுங்கப்படும். மணி அடிப்பது மார்த்தாண்டம் பக்கம் யார் வீட்டிலோ!

அதோடு 7 இலக்க விதி ஒன்றையும் எழுதி, அதற்கு 0471 சேர்க்க வேண்டும். அப்போது ஆறாவது எண்ணுக்குப் பின் அடாப்டர் சற்றுக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை 3 நொடியாக வையுங்கள். அதற்கும் குறைத்தால் நிதானமாக அழுத்தும் பெரியவர்களுக்குப் பழைய தொல்லையே. இரண்டு விதியும் 2 முதல் 5 வரை தொடங்கும் எண்களுக்கு மட்டும் இருக்கட்டும். 6 முதல் 9 வரை தொடங்கும் 10 இலக்கம் செல்போன். அதற்கு முன்னால் 0 சேர்க்கச் சொல்லலாம். 2021 ஜனவரி 15 முதல் தரைவழி போனிலிருந்து செல்போனுக்கு 0 கட்டாயம். 0 வைத்தே அழுத்தினால் மொத்தம் 11 இலக்கம்.

'1-இல் தொடங்கும் 3 இலக்கம்' என்று பொதுவாக எழுதுவது சோம்பேறித்தனம். சைபர் மோசடிப் புகாருக்கு 1930 அழுத்தினால் 193 மட்டும் போய்விடும். 100, 101, 108, 112 ஆகியவற்றைத் தனித்தனியே, காத்திருக்காமல் போகும்படி எழுத வேண்டும். 1098, 1912, 1930 போன்ற உதவி எண்களுக்கு 4 இலக்க விதி வேறு.

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் டயல் பிளானை நோண்ட வேண்டாம்; ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்ற, இணைய அழைப்புத் தகவல்களில் குறுக்கிட்டு மாற்றும் வசதியை அணைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் அடாப்டரும் ரவுட்டரும் சேர்ந்தே செத்துவிடும், 112-ம் கிடைக்காது. இரண்டுக்கும் பேட்டரி வேண்டும்.

பொருத்த வருபவரை உள்ளூர் எண், திருவனந்தபுரம் எண், செல்போன் மூன்றுக்கும் உங்கள் கண்முன்னே அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
களியக்காவிளை