என் பின்னாடியே வா

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்திருந்தபோது டிவியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பார்த்தீர்கள். அப்புறம், "நாலு மணி நேரமா மிதிக்கிறானுங்க, ஒண்ணும் நடக்கல. இதைத்தான் நான் நாப்பது வருஷமா செய்யறேன், ஒருத்தனும் கேமராவைத் தூக்கிட்டு வரல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து இப்போதுதான் வருகிறது.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் எனக்குப் பலரைத் தெரியும். அவர்களில் இந்தப் பந்தயத்தைப் பார்க்கிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். செருப்புப் போட்டு நடக்கிற எல்லோரும் ஒலிம்பிக் நடைப்போட்டியைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்களா என்ன? கார் வைத்திருப்பவரிடம் 'ஃபார்முலா ஒன் பார்ப்பீர்களா' என்று யாரும் கேட்பதில்லை. சைக்கிள் வைத்திருந்தால் மட்டும் கேட்கிறார்கள்.

வண்டியே வேறு என்பதும் உண்மைதான். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்து எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் வண்டியில் கேரியர், ஸ்டாண்ட், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டாலும் அந்தப் பக்கம்கூட நெருங்காது. அவர்களுக்கு மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது. டயர் பஞ்சர் ஆனால் பின்னால் வரும் காரிலிருந்து வேறு சக்கரமோ வேறு வண்டியோ வந்துவிடும். "பஞ்சர் ஒட்டத் தெரியாதவனெல்லாம் சைக்கிள்காரனா?" என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒரு நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மரமே இல்லாத வெட்டவெளிச் சாலை, நேர் எதிர்க்காற்று. உங்கள் சட்டை முதுகில் உப்பிப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தும் வண்டி நகரவில்லை. நீங்கள் திரும்பிப் பார்த்து, "என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வா, டயரை மட்டும் இடிச்சுடாதே" என்றீர்கள். உங்கள் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி என் முன் சக்கரத்தைக் கொண்டுவந்ததும் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது. கொஞ்சம் பக்கவாட்டில் விலகினால் மறுபடியும் முகத்தில் அறைந்தது. உங்கள் கேரியர் ஸ்பிரிங்கையே பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் இறங்கி அரை மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

அந்தப் பந்தயம் முழுக்க இதுதான் மாமா. கூட்டத்துக்கு நடுவே ஒளிந்து போகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம் ஆகலாம். அதனால்தான் ஒரு அணியில் எட்டுப் பேர். ஒருவனை ஜெயிக்க வைக்க மற்ற ஏழு பேரும் முறை போட்டு முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்குகிறார்கள். தண்ணீர் தீர்ந்தால் ஒருவன் பின்தங்கி அணியின் காருக்குப் போய், ஏழெட்டு பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி முன்னால் ஏறி வருவான். தலைவனின் சக்கரம் போய்விட்டால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பான். குறுக்குக் காற்று அடித்தால் இன்னும் விசேஷம். ஒருவருக்கொருவர் மறைவாகச் சாலையின் குறுக்கே சாய்வாக வரிசை கட்டுவார்கள். சாலையின் அகலம் எத்தனை பேருக்கோ அத்தனை பேருக்குத்தான் அதில் இடம். மிச்சம் பேர் விளிம்பில் தொங்கிக்கொண்டு முழுக்காற்றையும் வாங்கி, கொஞ்ச நேரத்தில் அறுந்து போவார்கள். "ஒண்ணும் நடக்கல" என்று நீங்கள் எழுந்தபோது இதுதான் ஆரம்பித்திருந்தது. காற்று டிவியில் தெரியாது. எதிர்க்காற்றில் மிதித்த கால் உள்ளவனுக்கு மட்டும், முன்னால் போகிறவனின் தோள் ஆடுவதைப் பார்த்தே தெரிந்துவிடும்.

1989 டூரில் கடைசி நாள் மிச்சமிருந்தது 24.5 கிலோமீட்டர். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அன்று தனித்தனியாக ஓட்டும் போட்டி, ஒளிந்துகொள்ள யாருடைய முதுகும் இல்லை. அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், கைகளை ஒடுக்கி முன்னால் நீட்டிப் பிடிக்கும் புதுவித ஹேண்டில்பாரோடு வந்தார். ஃபின்யோன் ஹெல்மெட்கூட இல்லாமல் குடுமி பறக்க ஓட்டினார். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, லெமாண்டிடம் 8 விநாடியில் தோற்றார்.

உங்களுக்கு உண்மையில் பிடிக்கக்கூடியவர் யூஜீன் கிறிஸ்டோஃப் என்ற பழைய காலத்து பிரெஞ்சு வீரர். 1913-ல் பிரெனே மலைத்தொடரில் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, உடைந்தது. தன் வண்டியைத் தானேதான் சரி செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. வண்டியைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சேர்த்தார். மேற்பார்வையாளர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான். வெளியாள் உதவி வாங்கியது தப்பு என்று அதற்கும் நேர அபராதம் போட்டார்கள்! 1919-ல் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவனுக்கு மஞ்சள் சட்டை கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் போட்டவரும் இவர்தான். அந்த வருஷமும், முடியப்போகிற நேரத்தில் மறுபடி ஃபோர்க் உடைந்து முன்னிலையை இழந்தார். ஒரு தடவைகூட டூரை ஜெயிக்கவில்லை.

"மருந்து போட்டுத்தானே ஓட்டறானுங்க" என்றும் போகிற போக்கில் சொன்னீர்கள். அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் ஊக்க மருந்து போட்டதற்காக அவருடைய ஏழு டூர் பட்டங்களையும் 2012-ல் பிடுங்கினார்கள். ஆமாம், எனக்கும் வெறுத்துப் போய்ச் சில வருஷம் பார்க்காமல்தான் இருந்தேன்.

திரும்ப இழுத்து வந்தது கடைசியில் வருகிறவர்கள். மலை நாட்களில், சமதளத்தில் மட்டும் பாயும் வேகப் போட்டிக்காரர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். ஜெயித்தவன் எடுத்த நேரத்தை வைத்து ஒரு கெடு கணக்கிடப்படும். அதற்குள் வராதவன் மறுநாள் கிளம்ப முடியாது. யாருக்கும் பரிசு இல்லை, மேடை இல்லை. இருந்தும் விட்டுப் பிரிந்தால் எல்லோரும் போய்விடுவோம் என்று, மாறி மாறி முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். அந்த முகங்களைப் பார்க்கும்போது, அன்று வீட்டு வாசலில் வண்டியைச் சாத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற உங்கள் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அடுத்த சனிக்கிழமை மலை ஏறுகிறார்கள். வாருங்கள். முதல் மூன்று மணி நேரம் நீங்கள் தூங்கலாம், நானும் அதைத்தான் செய்வேன். ஏற்றம் ஆரம்பித்ததும் எழுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்